ஒளிவட்டம் இல்லாத மூன்று பேர்

கேள்வி: நாஜிகள் மாற்றுத்திறனாளிகளைக் கொன்றதை ஜெர்மன் ஆயர் ஒருவர் கோயிலிலேயே கண்டித்துப் பேசினார் என்று படித்தேன். அப்படியிருக்க, அங்கே மாற்றுத்திறனாளிகளைப் பராமரிக்கும் திருச்சபை இல்லங்கள் எதற்காக மன்னிப்புக் கேட்கின்றன? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: பேசினார், உண்மைதான். மியூன்ஸ்டர் கத்தோலிக்க ஆயர் ஃபான் காலன், 1941 ஆகஸ்ட் 3 அன்று பிரசங்கத்தில் இதைக் கொலை என்றே சொன்னார். அந்த மாதமே விஷவாயுக் கொலைகளை நிறுத்த ஹிட்லர் உத்தரவிட்டார். அதற்குள் 70,000 பேர் போய்விட்டார்கள். அப்புறமும் பட்டினி போட்டு, மருந்து ஏற்றி ஆங்காங்கே கொன்றுகொண்டுதான் இருந்தார்கள்.

ஆனால் ஒரு ஆயரின் துணிச்சலை வைத்து எல்லா இல்லங்களின் கணக்கையும் நேர் செய்துவிட முடியாதம்மா. நாஜிகள் ஆட்சிக்கு வருவதற்கு இரண்டு வருடம் முன்பே, 1931-இல், ட்ரைசா என்ற ஊரில் கூடிய புராட்டஸ்டண்ட் இல்லங்களின் பொறுப்பாளர்கள், மாற்றுத்திறனாளிகளைக் கொல்வது கூடாது, அவர்களுக்குக் கருத்தடை செய்யலாம் என்று பேசி முடித்திருந்தார்கள். சிலர் பிறக்காமலே இருப்பது நல்லது என்று ஒப்புக்கொண்ட அந்த இடத்தில்தான் எல்லாம் சறுக்கியது என்பது என் எண்ணம்.

ஹாம்பர்க்கில் உள்ள ஆல்ஸ்டர்டோர்ஃப் இல்லத்தைப் பாருங்கள். அதன் இயக்குநர் லென்ஷ், ஒரு போதகர். 1938-இல் இல்லத்தின் தேவாலயத்துக்கு அவரே வடிவமைத்த பலிபீடச் சுவர்ச் சித்திரம் ஒன்று இருக்கிறது. நடுவில் சிலுவையில் இயேசு, சுற்றிலும் 15 பேர். 12 பேருடைய தலையைச் சுற்றி ஒளிவட்டம். மூன்று பேருக்கு மட்டும் இல்லை. அந்த மூவர்தான் மாற்றுத்திறனாளிகள். இல்லத்தில் இருந்தவர்கள் அந்தச் சுவரைப் பார்த்தபடிதான் ஜெபம் செய்தார்கள். இதை எழுதும்போதே எனக்கு மனசு கனக்கிறது.

அதே 1938-இல் அங்கிருந்த யூதர்களை வெளியே அனுப்பினார்கள். 1943 ஆகஸ்டில் குண்டுவீச்சில் கட்டடங்கள் சேதமானபோது, சுமார் 750 பேரை வேறு இடத்துக்கு மாற்றித் தரும்படி அரசிடம் கேட்டவரே லென்ஷ்தான். சில நாட்களில் 469 பேரை, கொலைகள் நடந்துகொண்டிருந்த வேறு மருத்துவ நிலையங்களுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். வியன்னாவுக்குப் போன 228 பெண்களிலும் சிறுமிகளிலும் 196 பேர் அங்கே இறந்தார்கள். போகிற இடத்தில் என்ன நடக்கும் என்று தெரியாது என்று சொல்ல வழியே இல்லை, ஏனென்றால் நீங்கள் சொன்ன அந்த ஆயரின் பிரசங்கம் பிரதி எடுக்கப்பட்டு நாடு முழுக்கக் கைமாறி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

சரி, போருக்குப் பிறகு? லென்ஷ் வேறொரு சபையில் போதகராகத் தொடர்ந்தார். 1973-இல் அவர்மேல் குற்றம் சாட்டப்பட்டது, அடுத்த வருடம் ஹாம்பர்க் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கே எடுக்க மறுத்தது. 1980-களில்தான் இல்லத்தில் வேலை பார்த்த சிலர் பழைய கோப்புகளைப் பிரித்து, யார் யாரை எங்கே அனுப்பினார்கள் என்று ஒவ்வொருவராகத் தேடத் தொடங்கினார்கள். 1943-இல் போனவர்களையும் சேர்த்து மொத்தம் 600-க்கும் மேற்பட்டோரை அனுப்பியிருந்தார்கள், 500-க்கும் மேல் உயிரோடு இல்லை.

சித்திரத்தை அழிக்கவில்லை. 2022-இல் அந்தச் சுவரையே தேவாலயத்திலிருந்து பிரித்தெடுத்து, வெளியே நினைவிடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.