இளைஞர்களைத் திருச்சபைக்கு வரவழைப்பதும் தக்கவைப்பதும் எப்படி?

ஆராதனையில் கிதாரும் வண்ண விளக்கும் வைத்தால் இளைஞர்கள் வருவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வருவார்கள். ஆனால் நிகழ்ச்சிக்காக மட்டும் வந்தவர் எத்தனை நாள் இருப்பார்? அதைவிட நல்ல நிகழ்ச்சி கைப்பேசியிலேயே கிடைக்கிறதே.

பிரான்சில் தேசே என்ற சிற்றூரில் 1940-இல் சகோதரர் ரோஜர் வித்திட்ட துறவற சமூகத்தைப் பாருங்கள். ஆரவாரம் கிடையாது. ஓரிரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடும் எளிய பாடல்கள், நீண்ட மௌனம், தினம் மூன்று வேளை ஜெபம். ஆனாலும் கோடையில் வாரந்தோறும் பல நாட்டு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வந்து தங்குகிறார்கள். உணவு பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் வந்தவர்களே. சிறு குழுக்களாக உட்கார்ந்து வேதத்தையும் பேசுகிறார்கள்.

என் பார்வையில் முக்கியமானது அந்தப் பொறுப்புதான். நாற்காலி அடுக்க மட்டும் கூப்பிட்டு, முடிவெடுக்கும்போது ‘நீ சின்னப் பையன்’ என்றால் யார் இருப்பார்? நிர்வாகக் குழுவில் ஓட்டுரிமையோடு இடம் கொடுங்கள். தப்பு செய்வார்கள், சரி, பெரியவர்கள் செய்யாததா?

அப்புறம் கேள்விகள். துன்பம் ஏன், அறிவியலோடு விசுவாசம் எப்படிப் பொருந்தும் என்று கேட்பவரை ‘விசுவாசக் குறைவு’ என்று வாயடைக்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் போதகரிடம் மறுபடியும் பேசத் தோன்றும்.

படிப்புக்கோ வேலைக்கோ ஊர் மாறும்போதும் பலர் கழன்றுகொள்கிறார்கள். கிளம்பும் முன்பே புது ஊர்ச் சபையில் ஒருவரை அறிமுகப்படுத்திவிடுங்கள். ஒரு மாதம் கழித்து போன் செய்யுங்கள், ஆராதனைக்குப் போனாயா என்று விசாரிக்க அல்ல, சாப்பாடு தங்குமிடம் எல்லாம் எப்படி என்று கேட்க.