சென்ட்ரலா, பிரைவேட்டா?

அன்புள்ள ஐயா,

டெல்லி ஆர்.கே.புரத்தில் வசிக்கிறோம். மகள் பிஎச்.டி. முடித்து, உதவிப் பேராசிரியர் வேலைக்கான நெட் தேர்வும் தேறிவிட்டாள். இங்கே ஒரு மத்தியப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வகுப்புக் கணக்கில் சம்பளம் தரும் கெஸ்ட் வேலை, ஹரியாணாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் வேலை, இரண்டும் ஒரே வாரத்தில் வந்திருக்கின்றன. சென்ட்ரலை விட்டால் மற்றதெல்லாம் டுடோரியல்தான் என்கிறார்கள் அவளுடைய பேராசிரியர்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் யார் பாடம் நடத்துகிறார்கள் என்கிறார்கள் தனியாரில் இருப்பவர்கள். யாரை நம்புவது?

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. அவரவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து பார்த்துச் சொல்கிறார்கள்.

நாடாளுமன்றம் சட்டம் போட்டால் சென்ட்ரல், சட்டமன்றம் போட்டால் ஸ்டேட். தனியார் பல்கலைக்கழகத்துக்கும் சட்டமன்றம்தான் சட்டம் போடுகிறது, இது பலருக்குத் தெரியாது. யார் சட்டம், யார் பணம் என்பதற்கு மேல் இந்த வகைகள் எதுவும் சொல்வதில்லை. மூத்த பேராசிரியர்களுக்குத் தனியார் மேல் உள்ள கசப்புக்குக் காரணம் உண்டு. சத்தீஸ்கரில் 2002-இல் வந்த ஒரு சட்டத்தை வைத்து நூறுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் முளைத்தன, பலவற்றுக்குக் கட்டிடம்கூடக் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) முன்னாள் தலைவர் பேராசிரியர் யஷ்பால் வழக்குப் போட்டு, 2005-இல் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. அதை வைத்து இன்றைக்கு எல்லாத் தனியாரையும் எடைபோடுவது சரியில்லை.

நானே ஒரு மத்தியப் பல்கலைக்கழகக் கல்லூரியில் அட்ஹாக்காக, அதாவது தற்காலிக ஆசிரியராக இருந்தவன். நான்கு மாதத்துக்கு ஒரு நியமன உத்தரவு. முடிகிற அன்று நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி சேர வேண்டும். ஸ்டாஃப் ரூம் அலமாரியில் மற்றவர்கள் பெயர் பெயிண்டில் இருக்கும், என்னுடையது செலோடேப்பில் ஒட்டிய காகிதத்தில். பக்கத்து மேஜையில் பெர்மனென்ட் நண்பர். கல்லூரி எப்படி என்று கேட்டால் அவர் சொர்க்கம் என்பார், எனக்கு வயிறு எரியும். ஒரே அறை, ஒரே மாணவர்கள்.

மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் என் தோழி காலியிடங்கள் நிரம்பாததால் மூன்று பேர் வேலையைச் செய்கிறார். வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் கட்டுகள்தான். ஆனால் குடும்பத்திலேயே முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளை விட்டுப் போக மாட்டேன் என்கிறார். தனியாரில் இருக்கும் நண்பருக்கு நல்ல நூலகம், சின்ன வகுப்பு. அப்புறம் மே மாதம் வந்தால் அட்மிஷனுக்காகப் பெற்றோருக்குப் போன் போட வேண்டும்.

அதனால் மகள் வகையைப் பார்க்க வேண்டாம், நியமன உத்தரவைப் பார்க்கட்டும். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு என்கிறது யுஜிசியின் 2018 விதி. ஹரியாணாவில் எவ்வளவு? தகுதிகாண் காலம் முடிந்தால் நிரந்தரமா, வருடா வருடம் ஒப்பந்தமா? கோடையில் என்ன வேலை? கெஸ்ட் வேலைக்கு யுஜிசி 2019-இல் வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்று வைத்தது. வகுப்பு இல்லாத மாதத்தில் பணமும் இல்லை.

நிரந்தரமாகும் வழி எழுத்தில் இருந்தால் ஹரியாணாவுக்கே போகச் சொல்வேன். பிரைவேட் என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன், சமீபத்தில் அங்கிருந்து விலகிய ஒருவரிடம் ஒருமுறை பேசிவிடச் சொல்லுங்கள்.