எஃப்டி8-க்கு (அமெச்சூர் ரேடியோவில் கணினி வழியாகச் சிறு செய்திகளை டோன்களாக அனுப்பும் முறை) ரேடியோவுக்கும் கணினிக்கும் நடுவே ஆடியோ ஃபில்டர் போட்டால் பலவீனமான நிலையங்களும் டிகோட் ஆகுமா?

பெரும்பாலும் ஆகாது. கிடைத்துக்கொண்டிருப்பதும் போய்விடலாம்.

மோர்ஸ் கேட்பவர்களுக்குக் குறுகலான ஃபில்டர் வரப்பிரசாதம்தான். அங்கே டிகோட் செய்வது காது. எஃப்டி8-இல் அந்த வேலையை மென்பொருள் பார்க்கிறது, அதுவும் நீங்கள் கடையில் வாங்கும் எந்த ஃபில்டரைவிடவும் குறுகலாக. ஒரு சிக்னலில் 8 டோன்கள், ஒன்றுக்கொன்று 6.25 ஹெர்ட்ஸ் தள்ளி. மொத்த அகலமே 50 ஹெர்ட்ஸ். திரையில் ஒரு சிக்னலின் பலம் -20 டெசிபெல் என்று காட்டுகிறதே, அது 2500 ஹெர்ட்ஸ் அகலத்தில் இருக்கும் இரைச்சலோடு ஒப்பிட்ட கணக்கு. 6.25 ஹெர்ட்ஸுக்குள் மட்டும் பார்த்தால் இரைச்சல் 400-இல் ஒரு பங்கு, அதாவது 26 டெசிபெல் குறைவு. காதுக்கு எட்டாத அந்த -20 இப்போது +6! மிச்சத்தைப் பிழைதிருத்தக் குறியீடு பார்த்துக்கொள்ளும். (2017-இல் ஸ்டீவ் ஃபிராங்க்குடன் சேர்ந்து இதைக் கொண்டுவந்த ஜோ டெய்லர், பல்சர் (துடிப்பு விண்மீன்) ஆய்வுக்காக 1993-இல் நோபல் வாங்கியவர். இரைச்சலுக்குள் சிக்னல் தேடுவது அவருக்குத் தொழில்.) இதற்கு முன்னால் ஒரு 500 ஹெர்ட்ஸ் ஃபில்டரை வைத்தால் அந்தச் சிக்னல் தெளிவாகிவிடாது, அக்கம்பக்கத்து நிலையங்கள்தான் காணாமல் போகும்.

ரேடியோவில் உள்ள நாய்ஸ் ரிடக்ஷன், ஆட்டோ நாட்ச் இரண்டையும் அணைத்துவிடுங்கள். நீண்டு ஒலிக்கும் டோனைத் தேடி அழிப்பதுதான் ஆட்டோ நாட்ச்சின் வேலையே.

ஃபில்டர் கைகொடுக்கும் இடமும் உண்டு. 14.074 மெகாஹெர்ட்ஸில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பலமாக அனுப்புகிறார் என்று வையுங்கள். 15 வினாடி வாட்டர்ஃபால் (சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் திரைப்படம்) முழுக்க மங்கிப்போகும், அடுத்த 15 வினாடி தெளியும், மறுபடி மங்கும். அவருடைய சிக்னலுக்காக ஏஜிசி (தானியங்கி கெயின் கட்டுப்பாடு) ரிசீவரின் கெயினைக் குறைக்கிறது, அதோடு சேர்ந்து பலவீனமானவர்களும் அமுங்குகிறார்கள். அப்போது ரிசீவருக்குள்ளேயே, ஏஜிசிக்கு முன்னால் இருக்கும் ஐஎஃப் (இடைநிலை அலைவரிசை) ஃபில்டரைக் குறுக்கி அவரை வெளியே தள்ளலாம். ஆர்எஃப் கெயினை (உள்ளே வரும் ரேடியோ சிக்னலின் பெருக்கத்தை) குறைத்தும் பார்க்கலாம். ஸ்பீக்கர் ஜாக்கில் மாட்டும் ஃபில்டரால் பயனில்லை, அதற்குள் காரியம் கெட்டிருக்கும்.

மற்றபடி யூஎஸ்பி மோடில் (கேபிள் அல்ல, அப்பர் சைட்பேண்ட்) 3 கிலோஹெர்ட்ஸ் வரை திறந்து வைத்து, சிக்னல் இல்லாதபோது மென்பொருளின் மீட்டர் 30 டெசிபெல் பக்கம் நிற்கும்படி லெவலைச் சரிசெய்யுங்கள். அப்புறம், விண்டோஸின் ஒலி மேம்பாட்டு அமைப்புகளை அணைத்துவிட்டுக் கணினியின் கடிகாரத்தையும் பாருங்கள். சில வினாடி தள்ளியிருந்தாலே வாட்டர்ஃபாலில் கோடு கோடாகத் தெரியும், ஆனால் ஒன்றுகூட டிகோட் ஆகாது.