சைடிங் பலகை (வெளிச்சுவரை மூடற பலகை) எத்தனை வாங்கணும்? கேள்வி பதில்

கே: சுவர் 30 அடி நீளம், 10 அடி உயரம். ஃபைபர் சிமென்ட் பலகை 12 அடி நீளம், 8¼ அங்குல அகலம். 37 பலகைன்னு கணக்கு வருது. சரியா சார்?

ப: பத்தாது. பலகையோட முழு அகலத்தைக் கணக்குல எடுத்துட்டீங்க. மேல் பலகை கீழ்ப் பலகை மேல 1¼ அங்குலம் ஏறி உட்காரும். வெளியே தெரியறது 7 அங்குலம்தான். சுவர் 120 அங்குலம். 16 வரிசைக்கு 112 அங்குலம், கடைசி வரிசை மேல எதுவும் ஏறாததால அது முழு 8¼, ஆக 17 வரிசை போதும். வரிசைக்கு இரண்டரைப் பலகை, ஆக 43. சேதாரம் 10 சதவீதம் சேர்த்து 48. முப்பத்தேழோட ஆரம்பிச்சிருந்தா சாரத்து மேல நின்னுக்கிட்டே கடைக்கு ஃபோன் போட்டிருப்பீங்க.

கே: சைடிங் கடையில சொல்ற ஒரு ‘ஸ்கொயர்’னா எவ்வளவு?

ப: 100 சதுர அடி.

கே: வீடு 1200 சதுர அடி. எவ்வளவு வாங்கணும்?

ப: அது தரைப் பரப்பு. சுவரை அளங்க.

கே: கூரைக்குக் கீழே முக்கோணச் சுவர். அடி 30, உயரம் 8.

ப: பெருக்கிப் பாதி, 120 சதுர அடி. இங்கே சேதாரம் 15 வைங்க. இடது சரிவுக்கு வெட்டின மிச்சத் துண்டு வலது சரிவுக்குப் பொருந்தாது. பின்பக்கம் வெளியே தெரியற மாதிரித் திருப்பினாத்தான் சேரும், அப்படி அடிக்க முடியாது.

கே: ஜன்னலைக் கழிக்கச் சொல்லவே இல்லையே?

ப: கழிக்காதீங்க. ஜன்னலுக்குச் சுத்தி வெட்டற பலகையில விழற துண்டு பாதி குப்பைக்குத்தான் போகும். பெரிய கேரேஜ் கதவுன்னா கழிங்க.

கே: 12 ஜன்னல், தலா 3க்கு 4. 144 சதுர அடி! கடைக்காரருக்கு லாபம் பாக்கறீங்களா?

ப: கோபம் வேணாம் தம்பி. 144ஐக் கழிங்க, ஆனா சேதாரத்தை 15 ஆக்குங்க. ஜன்னலையும் கழிச்சு சேதாரத்தையும் குறைச்சா கடைசி வரிசையில மாட்டுவீங்க. அப்புறம் வாங்கற பலகை வேற லாட்டா, அதாவது வேற தடவை தயாரிச்சதா இருந்தா நிறம் லேசா மாறும், வெயில்ல பளிச்சுன்னு தெரியும்.

கே: 1500 சதுர அடி வீடு, எத்தனைப் பெட்டி?

ப: மறுபடியும் தரையா! மேலே படிங்க.

கே: வினைல்ல (பிளாஸ்டிக் சைடிங்) ஆணி எப்படி அடிக்கறது?

ப: இறுக்காதீங்க. 12 அடிப் பலகை வெயில்ல அரை அங்குலம் வரை நீளும். முனைக்குக் கால் அங்குலம் விடுங்க.

கே: 144ஐக் கழிச்சு 10 சதவீதமே போட்டேன். பாப்போம் சார்.

ப: பாப்போம். பில்லைப் பத்திரமா வைங்க, அதுல லாட் நம்பர் இருந்தா தேவைப்படும்.