சண்டை ரோபோவுக்கு எந்த மோட்டர்? வன்னியில் இருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

பரந்தன் பக்கத்தில் தண்ணீர்ப் பம்பி மோட்டர் சுற்றிக் கொடுப்பது என் தொழில். பின்னேரங்களில் சின்னச் சண்டை ரோபோ கட்டுவது என் பைத்தியம். ஒரு பெட்டிக்குள் இரண்டு ரோபோக்கள் மோதி, ஓட முடியாமல் போனது தோற்கும் விளையாட்டு அது. தொலைக்காட்சியில் பார்க்கிற பெரியவை 113 கிலோ வரை இருக்கும். நாம் பேசப்போவது 150 கிராம், 454 கிராம், 1.36 கிலோ என்ற மூன்று சின்ன எடைகளைப் பற்றி. போன மாதம் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

முழங்காவிலில் இருந்து உயர்தர மாணவர் ஒருவர்: அண்ணா, 1.36 கிலோ ரோபோ கட்டப்போகிறேன். 12 வோல்ற் மோட்டர் வாங்கினால் போதுமா?

தம்பி, அநேகமாக எல்லாரும் இதைத்தான் கேட்டிருக்கிறார்கள். 12 வோல்ற் என்றால் அந்த மோட்டருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது மட்டும்தான். அது எவ்வளவு இழுக்கும், எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்று அந்த எண் சொல்லாது. முதலில் சில்லைப் பார், பிறகு மோட்டருக்கு வா.

வயலில் லாண்ட்மாஸ்ரர் புதைவதைப் பார்த்திருப்பாய். ரப்பர் ரயரோடு சேற்றில் இறங்கினால் ரயர் வழுக்கிச் சுற்றும், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. இரும்புச் சில்லு பூட்டி இறக்கினால் அது மண்ணைப் பிடித்துவிடும், எஞ்சின் முக்கி முக்கி நின்றுபோகும். ரோபோவிலும் இதே கதைதான். எதிரியைத் தள்ளும்போது மோட்டர் நிற்பதற்கு முன் சில்லு வழுக்க வேண்டும். சில்லு வழுக்கினால் மோட்டர் பிழைக்கும். சில்லு வழுக்காமல் மோட்டர் நின்றுவிட்டால் மின்னோட்டம் முழுவதும் கம்பிச்சுற்றில் சூடாக மாறும். கருகிய வார்னிஷ் மணம் எனக்குத் தினமும் பழக்கம், உனக்கு வேண்டாம்.

கணக்கு இப்படி. 1.36 கிலோவை இரண்டு சில்லுகள் தாங்கினால் ஒன்றில் 0.68 கிலோ. சில்லின் விட்டம் 4 சென்ரிமீற்றர் என்றால் ஆரை 2. நல்ல ரப்பர் தன் மேல் உள்ள பாரத்தின் அளவுக்கே பிடிக்கும் என்று வைத்தால் 0.68 × 2, சுமார் 1.4 கிலோ-சென்ரிமீற்றர். அந்த முறுக்கு வந்ததும் சில்லு வழுக்கும். ஆகவே மோட்டரின் நிறுத்து முறுக்கு, அதாவது அச்சைப் பிடித்து நிறுத்தினால் அது கொடுக்கும் முறுக்கு, இதைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். மூன்று மடங்கு இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

அடுத்தது வேகம். அதே சில்லு நிமிடத்துக்கு 500 சுற்றுச் சுற்றினால் வினாடிக்கு 1 மீற்றர் போகும். 1000 சுற்று என்றால் 2.1 மீற்றர். சின்னப் பெட்டிக்குள் 2 முதல் 3 மீற்றர் போதும். அதற்கு மேல் போனால் ரோபோவை நீ ஓட்டமாட்டாய், அது உன்னை ஓட்டும். ஆகவே கடையில் கேட்க வேண்டியது, 12 வோல்ற்றில் 1000 சுற்று வருகிற, உலோகக் கியர் பூட்டிய, 22 அல்லது 25 மில்லிமீற்றர் மோட்டர். நிறுத்து முறுக்கையும் கட்டாயம் கேள். தெரியாது என்று சொல்கிற கடையில் வாங்காதே.

இன்னொன்று. கியர்ப்பெட்டியின் முகத்தில் பூட்டுகிற திருகாணி ஒரு மில்லிமீற்றர் நீளம் கூடினால்கூட உள்ளே போய்ப் பற்சில்லை முட்டி மோட்டரை இறுக்கிவிடும். என் முதல் ரோபோ ஓடாததற்குக் காரணம் அதுதான். மோட்டர் பழுது என்று இரண்டு நாள் கடைக்காரரைத் திட்டினேன்.

நெடுங்கேணியில் இருந்து ஆசிரியர் ஒருவர்: பள்ளிக்கூடத்தில் மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் கியர் மோட்டர் ஒரு பெட்டி கிடக்கிறது. அதில் சண்டை ரோபோ செய்ய முடியுமா?

ஓடப் பழக்கலாம் சேர், சண்டைக்கு விடவேண்டாம். முதல் மோதலில் பிளாஸ்ரிக் பல் உடையும். ஆயுதம் இல்லாமல் ஒன்றையொன்று வட்டத்துக்கு வெளியே தள்ளுகிற சுமோ விளையாட்டுக்கு அவை தாராளம். அடுத்த படிக்கு என்20 என்ற விரலளவு மோட்டர் வாங்குங்கள், உலோகக் கியர். 150 கிராமுக்கும் 454 கிராமுக்கும் பொருந்தும்.

ஒட்டுசுட்டானில் இருந்து: வயலுக்கு மருந்தடிக்கிற பற்றரித் தாங்கி ஒன்று பழுதாகிக் கிடக்கிறது. அதன் மோட்டரையும் பற்றரியையும் எடுக்கலாமா? ஓட்டோவின் வைப்பர் மோட்டர் எப்படி?

முதலில் மருந்துத் தாங்கியை நன்றாகக் கழுவுங்கள், கையுறையோடு. உள்ளே இருப்பது ஈயப் பற்றரி, 12 வோல்ற், 8 அம்பியர்-மணி அளவு. அது மட்டுமே 2 கிலோவைத் தாண்டும், உங்கள் முழு ரோபோவை விடப் பாரம். பம்பி மோட்டருக்குக் கியர் இல்லை, அப்படியே சில்லில் பூட்டினால் இழுக்காது. வைப்பர் மோட்டர் மாடு மாதிரி இழுக்கும், மாடு மாதிரியே நடக்கும். பாரமும் அதிகம். பல வைப்பர் மோட்டர்களில் ஒரு மின்முனை உடலோடு சேர்ந்திருப்பதால் ரோபோவின் உடல் முழுக்க மின் இணைப்பாகிவிடும். 10 கிலோவுக்கு மேற்பட்ட ரோபோ கட்டும்போது பார்க்கலாம்.

ஆனால் பழுதான 12 வோல்ற் கைத்துளை எந்திரம், வயர் இல்லாத வகை, எங்காவது கிடந்தால் விடாதீர்கள். மோட்டரும் நல்ல உலோகக் கியரும் ஒன்றாகவே கிடைக்கும். இந்த விளையாட்டின் பழைய ஆட்கள் பலர் அதில்தான் தொடங்கினார்கள்.

அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் மாணவி: அண்ணா, மோட்டரை ஓட்டுகிற எல்298 மின்சுற்றுப் பலகை ஏற்கனவே கையில் இருக்கிறது. அதையே ஓட்டத்துக்குப் பயன்படுத்தினால் என்ன?

தங்கச்சி, அந்தப் பலகை தனக்கென்று 2 வோல்ற் வரை சாப்பிட்டுவிடும். 7.4 வோல்ற் பற்றரி கொடுத்தால் மோட்டருக்குப் போவது ஐந்து சொச்சம். மீதி அந்தப் பெரிய அலுமினியச் செட்டையில் சூடாகப் போகிறது. என்20க்கு டிஆர்வி8833 போதும், அதே வேலை செய்கிற நகம் அளவு பலகை. பெரிய மோட்டருக்கு முன்னும் பின்னும் ஓடக்கூடிய பிரஷ் ஈஎஸ்சி வாங்குங்கள். ஈஎஸ்சி என்பது றிசீவர் (றிமோட்டின் கட்டளையை ரோபோவுக்குள் வாங்குகிற பெட்டி) சொல்வதைக் கேட்டு மோட்டருக்கு மின்சாரம் விடுகிற வேகக் கட்டுப்பாட்டுப் பலகை. பிரஷ் என்பது சாதாரண மோட்டருக்குள் உரசிக்கொண்டே மின்சாரம் கொடுக்கிற சின்னத் துண்டு.

எத்தனை அம்பியர் வாங்குவது என்றால், மோட்டரை உண்மையான பற்றரியில் கொடுத்து, அச்சை இடுக்கியால் ஒரு வினாடி மட்டும் நிறுத்தி, மல்ரிமீற்றரின் 10 அம்பியர் அளவில் பாருங்கள். 5 என்று காட்டினால் அதைத் தாங்குகிற ஈஎஸ்சி வேண்டும். கம்பிச்சுற்றின் தடையை அளந்து வோல்ற்றை வகுத்தாலும் வரும், ஆனால் சின்னத் தடையில் மீற்றர் பொய் சொல்லும்.

இரண்டு மூன்று ஈஎஸ்சிகள் சேரும்போது ஒவ்வொன்றும் 5 வோல்ற்றை றிசீவருக்கு அனுப்பப் பார்க்கும். ஒன்றின் சிவப்பு வயரை மட்டும் விட்டு மற்றவற்றின் சிவப்பைக் கழற்றிச் சுற்றி ஒட்டிவிடுங்கள். பிரஷ் மோட்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே 104 என்று எழுதிய சின்னக் கொள்ளளவி ஒன்று ஈயம் வைத்துப் பூட்டினால், ரோபோ காரணமில்லாமல் துடிப்பது பெரும்பாலும் நிற்கும்.

புதுக்குடியிருப்பில் இருந்து: சுழலும் ஆயுதத்துக்கு எந்த மோட்டர்? தகட்டுக்கு இரும்பு எங்கே எடுப்பது?

ஆயுதத்துக்குப் பிரஷ் இல்லாத மோட்டர், ட்ரோனில் வருகிற மூன்று வயர் வகை. அதில் கேவி என்று ஓர் எண் இருக்கும். ஒரு வோல்ற்றுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது அது. 1000 கேவி மோட்டருக்கு 11.1 வோல்ற் கொடுத்தால் வெறுமனே சுற்றும்போது 11,100. தகடு பூட்டினால் குறையும். 1.36 கிலோவுக்கு 28 மில்லிமீற்றர் விட்டமுள்ள, 1000 கேவியை ஒட்டிய மோட்டர் நல்ல தொடக்கம். திசை மாறிச் சுற்றினால் மூன்று வயரில் எந்த இரண்டையாவது மாற்றிப் பூட்டுங்கள், அவ்வளவுதான்.

இப்போது ஒரு கணக்கு, பயமுறுத்தத்தான். 15 சென்ரிமீற்றர் நீளமும் 100 கிராம் எடையும் உள்ள தகடு நிமிடத்துக்கு 10,000 சுற்றில் ஏறத்தாழ 100 ஜூல் வைத்திருக்கும். 10 மீற்றர் தென்னையில் இருந்து ஒரு கிலோத் தேங்காய் தலையில் விழுவதற்குச் சமம். நுனி மணிக்கு 280 கிலோமீற்றர் வேகத்தில் போகும். வேகத்தை இரட்டித்தால் அடி நான்கு மடங்காகும். ஆகவே பொலிகாபனேற்றுப் பெட்டி இல்லாமல் சுழற்றவே வேண்டாம். கண்ணாடியும் அக்கிரிலிக்கும் சிதறும், அவை பெட்டியே இல்லை. வெளியே இருக்கும்போது தகட்டுக்குக் குறுக்கே ஒரு பூட்டு, பற்றரி வழியில் கையால் உருவக்கூடிய ஓர் இணைப்பு, இரண்டும் கட்டாயம். எக்ஸ்டி30 செருகியில் ஒரு குட்டை வயரை வளைத்துப் பூட்டினால் அந்த இணைப்பு தயார்.

இரும்புக்கு வாகன வில்லுத்தகடு அருமை. அரைக்கும்போது அடிக்கடி தண்ணீரில் தோயுங்கள். விளிம்பு நீலம் பாய்ந்தால் அளவுக்கு மேல் சூடாகிவிட்டது என்று அர்த்தம். ஆனால் அதை இரும்புக் கடையில் காசு கொடுத்து வாங்குங்கள். பற்றைக்குள்ளோ, புதிதாகத் துப்புரவாக்கிய காணியிலோ, வாய்க்கால் ஓரத்திலோ கிடக்கிற உலோகத்தைக் கையால் தொடாதீர்கள். போர்க்காலக் கண்ணிவெடியும் வெடிக்காத குண்டும் கிடக்கலாம் என்று நம் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊரும் அப்படிப்பட்ட ஊர்தான். சந்தேகமாக ஏதும் கண்டால் அந்த இடத்தை விட்டு வந்து அறிவியுங்கள்.

துணுக்காயில் இருந்து: லிப்போ பற்றரி வெடிக்கும் என்கிறார்கள். வீட்டில் வைத்திருக்கலாமா?

லிப்போ என்பது ரோபோவுக்குப் போடுகிற இலேசான லிதியம் பொலிமர் பற்றரி. வைத்திருக்கலாம், மரியாதையோடு. ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ற், 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கவே கூடாது, பயன்படுத்தாமல் வைக்கும்போது 3.8. 1000 மில்லி அம்பியர்-மணிப் பற்றரியை 1 அம்பியரில் சார்ஜ் செய்யுங்கள், அவசரப்படாதீர்கள். செல்களைச் சமப்படுத்துகிற சார்ஜர்தான் வேண்டும். ஊதிப்போன பற்றரியை அழுத்திப் பார்க்க வேண்டாம், ஒதுக்குங்கள்.

எங்கள் வெயிலுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் பற்றரியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஓட்டி முடித்த கையோடு சூடாகச் சார்ஜ் போடாதீர்கள், ஆறட்டும். சார்ஜ் செய்யும்போது சீமெந்து நிலத்தில், மணல் போட்ட மண்சட்டிக்குள் வைத்துப் பக்கத்தில் இருங்கள். ஓலைக் கொட்டிலுக்குள் வேண்டவே வேண்டாம். கரண்ட் போனால் பரவாயில்லை, பி6 வகைச் சார்ஜர் 12 வோல்ற் மோட்டார் சைக்கிள் பற்றரியிலும் ஓடும்.

எவ்வளவு பெரிய பற்றரி? ஓட்டத்துக்குச் சராசரி 4 அம்பியர், ஆயுதத்துக்கு 10, சண்டை 3 நிமிடம் என்றால் 14 × 3 ÷ 60, அதாவது 0.7 அம்பியர்-மணி. ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் வைக்க வேண்டும் என்பதால் 3 செல், 900 முதல் 1000 மில்லி அம்பியர்-மணி வரை. உறையில் 45சி என்று, அதாவது தன் கொள்ளளவைப் போல 45 மடங்கு மின்னோட்டம் விடும் என்று, அச்சிட்டிருந்தால் பாதியை நம்புங்கள்.

மாங்குளத்தில் இருந்து: கைபேசியில் புளூடூத் வைத்து ஓட்டக்கூடாதா?

ஓட்டலாம், சண்டைக்குக் கூடாது. ஃபிளைஸ்கை ஐ6 மாதிரி 2.4 கிகாஹேர்ட்ஸ் றிமோட் ஒன்றை மூன்று நண்பர்கள் சேர்ந்து வாங்குங்கள். முன்பின், இடம்வலம் இரண்டையும் ஒரே குச்சியில் கலக்க அதன் பட்டியலில் எலெவான் என்று இருக்கிறது. தொடர்பு அறுந்தால் எல்லாம் நிற்கும்படி பெயில்சேஃபை அமைத்து, ரோபோவைக் கட்டையில் தூக்கி வைத்து, ஓடும்போதே றிமோட்டை அணைத்துப் பாருங்கள். சில்லு நிற்காவிட்டால் அந்த ரோபோ பெட்டிக்குள் போகக்கூடாது.

செட்டிகுளத்தில் இருந்து: எல்லாம் எங்கே வாங்குவது? காசு குறைவு.

கொழும்புக்கு யாராவது போனால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடச் சொல்லுங்கள். காசு குறைவு என்றால் ஆயுதத்தை விடுங்கள். நல்ல ஓட்ட மோட்டர் இரண்டு, நல்ல றிமோட், முன்னால் தரையை உரசுகிற ஆப்புத் தகடு. உடலுக்குச் சமையலறை வெட்டுப் பலகை, வெள்ளைப் பிளாஸ்ரிக் வகை. அடித்தால் பள்ளம் விழும், உடையாது. பெரிய சுழல் தகட்டோடு வந்து இரண்டாவது அடியில் தன் வயரையே பிடுங்கிக்கொண்டு நின்ற ரோபோக்களை இந்த ஆப்புத் தகடு எத்தனையோ தடவை சுவரோடு தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. என்னுடையதும் ஒருமுறை அப்படித் தள்ளுப்பட்டது.

கிளிநொச்சியில் இருந்து ஓர் அம்மா: என் மகன் சமையலறைக் கிரைண்டரைக் கழற்றி மோட்டரை எடுத்து வைத்திருக்கிறான். ரோபோவுக்கு உதவும் என்கிறான். உதவுமா?

உதவாது அம்மா. அது 230 வோல்ற்றுக்குச் சுற்றிய மோட்டர், 12 வோல்ற்றில் அசைந்து கொடுத்தாலே பெரிய காரியம். வீட்டு மின்சாரத்தில் தனியாகப் போட்டுப் பார்க்க விடவேண்டாம். திருப்பிப் பூட்டச் சொல்லுங்கள். பூட்டுவதற்கு முன் பிரஷ் இரண்டும் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, தேய்ந்திருந்தால் புதிதாகப் போட்டுவிடட்டும். பூட்டத் தெரியாவிட்டால் மோட்டரையும் மகனையும் கடைக்கு அனுப்புங்கள்.