மறு: ஆய்வுக்கு மஸ்தார் வேண்டாம் என்கிறார் கைடு, வேறு எந்த நகரத்தை எடுக்கலாம்?

வணக்கம். எரிபொருள் குறைந்துபோகும் காலத்துக்கான நகரமைப்பு என்று மஸ்தாரை வைத்துப் பாதி ஆய்வு முடித்த பிறகு, "பழைய ஊருக்கு இது எப்படிப் பொருந்தும்?" என்று கைடு (ஆய்வு வழிகாட்டி) திருப்பிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்டது நியாயம்தான். மஸ்தார், அபுதாபி பாலைவனத்தில் காசைக் கொட்டிப் புதிதாக எழுப்பிய நகரம். அதிலும் ஊர் முழுக்க ஓடும் என்ற குட்டித் தானியங்கி வண்டிகள் ஒரு சின்னப் பாதையோடு நின்றுவிட்டன.

நெதர்லாந்தின் குரோனிங்கனைப் பாருங்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் அந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டவே தடை போட்டார்கள். அப்புறம் 1977 செப்டம்பரில் குரோனிங்கன் நகர மையத்தை நாலு கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறிலிருந்து பக்கத்துக் கூறுக்குக் காரில் நேராகப் போக முடியாது; மையத்தைச் சுற்றியுள்ள சாலைக்கு வந்துதான் மறுபடி உள்ளே நுழைய வேண்டும். சைக்கிளும் நடப்பவரும் நேராகப் போகலாம். மேம்பாலம் இல்லை, சுரங்கம் இல்லை, பெரும்பாலும் ஒருவழிப் பலகைகள்தான். வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் கொதித்தார்கள் (இதை விடாமல் எழுதுங்கள், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் இதைத்தான் நோண்டுவார்கள்). இன்று ஊருக்குள் நடக்கும் பயணங்களில் பாதிக்கும் மேல் சைக்கிளில்.

ஆய்வில் மழைவெள்ளத்தையும் தொடுவதானால், அதே நாட்டின் ராட்டர்டாம் நகரில் உள்ள பெந்தெம்பிளைன் சதுக்கம் போதும். 2013இல் திறந்தது. மற்ற நாளில் பிள்ளைகள் பந்து விளையாடும் பள்ளம், பெருமழையில் சுமார் 17 லட்சம் லிட்டர் தண்ணீர் பிடிக்கும் சதுக்கம்.

மஸ்தாரைத் தூக்கிப் போடாதீர்கள், ஒப்பீட்டு அத்தியாயமாக வையுங்கள். உங்கள் ஊர் வரைபடத்தில் நாலு கூறு போட்டுப் பாருங்கள். சுற்றிப் போக ஒரு சாலை இல்லையென்றால்தான் சிக்கல். அப்படியிருந்தால் படத்தை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.