ஜென்வியெவ்: பெயர் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஜென்வியெவ் என்ற பிரெஞ்சுப் பெயருக்கு என்ன பொருள்?

லத்தீன் ஏடுகளில் கெனொவேஃபா. பெரும்பாலோர் இதைப் பழைய ஜெர்மானியச் சொற்களாகப் பிரிப்பார்கள்: குலம் என்ற பொருளில் 'குனி', பெண் என்ற பொருளில் 'வீஃப்' (ஆங்கில வைஃபின் பங்காளி). 'குலமகள்' நெருங்கி வரும், ஆனால் கற்பு வாசனையைக் கழித்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு முடிச்சு: 'குனி'யின் தொடக்கத்தில் இருப்பது 'கண்' என்பதன் முதல் ஒலி; பெயரில் அது 'கங்கை'யின் முதல் ஒலியாக ஏன் மாறியது? அதனால்தான் சிலர், ரோமானியருக்கு முன்பே பிரான்சில் வழங்கிய கெல்டிக் மொழியின் 'கெனோ'வைப் பிடிக்கிறார்கள். அதற்கும் பொருள் பிறப்பு, குலம்தான்.

கேள்வி: 'வெள்ளை அலை' என்று பெயர்ப் பட்டியலில் படித்தேனே?

அது ஆர்தர் மன்னனின் மனைவி குவினவீரின் பெயரோடு போட்ட குழப்பம். அவள் வெல்ஷ் மொழியில் க்வென்ஹ்விவர், பிரெஞ்சில் குவெனியேவ்ர். 'க்வென்' என்றால் வெண்மை. வேறு பெயர், வேறு மொழி. பட்டியல்களை நம்பாதீர்கள்.

கேள்வி: உச்சரிப்பு?

ஜென்-வியெவ், இரண்டே அசை. எழுத்தில் Geneviève; அதில் இரண்டாவது 'ஈ'யும் (e) கடைசி 'ஈ'யும் பேச்சில் விழுந்துவிடும். ஜகரத்தை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டாமல் இழுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: பாரிஸின் காவல் புனிதையான ஜென்வியெவின் அப்பா செவெருஸ், அம்மா ஜெரொந்தியா. அந்த வீட்டில் ஜெர்மானியப் பெயர் எப்படி?

இதுதான் கேள்வி! அவள் பாரிஸை அடுத்த நாந்தேரில் பிறந்தது 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அப்போது ரோமானியப் படையில் பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தார் நிறைய. லத்தீன் பெயரை மட்டும் வைத்து ஒருவரின் பூர்வீகத்தைச் சொல்ல முடியாது.

கேள்வி: அது ஊகம்தானே? கெல்டிக் என்றே வைத்துக்கொண்டால் சிக்கலே இல்லை.

ஊகம்தான். ஆனால் உங்கள் வழியில் பெயரின் முன்பாதி மட்டும் விளங்கும். பின்பாதிக்கு என்ன சொல்வீர்கள்? ஜெர்மானிய வழியில் ஒரே ஒலிதான் இடிக்கிறது, கெல்டிக் வழியில் அரைப் பெயரே தொங்குகிறது.

கேள்வி: பாரிஸிலுள்ள பாந்தியோன் நினைவிடத்துக்கும் இவளுக்கும் தொடர்பு உண்டா?

1744இல் நோயில் படுத்த பதினைந்தாம் லூயி நேர்ந்துகொண்டு இவளுக்காகக் கட்டத் தொடங்கிய தேவாலயம் அது. 1791இல் புரட்சியாளர்கள் அதைப் பெரியோர் நினைவிடமாக்கினார்கள். 1793இல் அவளது எலும்புகளையும் எரித்தார்கள். 2015இல் நாஜி எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்த ஜென்வியெவ் தெ கோல்-அந்தோனியோஸுக்கு அங்கே இடம் தந்தார்கள். உடல் கணவரருகிலேயே இருக்க, கல்லறை மண் மட்டும் போனது.

கேள்வி: 'வெள்ளை அலை' என்ற பொருள் சரியா?

மேலே பாருங்கள்.

கேள்வி: பெயர்த் திருநாள்?

ஜனவரி 3.

கேள்வி: பிரெஞ்சில் தட்டச்சு செய்யும்போது கோடு எங்கே?

மூன்றாவது 'ஈ'யின் மேல் மட்டும், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும். விண்டோஸில் ஆல்ட்டை அழுத்தியபடி எண் பலகையில் 0232. 0233 போட்டால் கோடு எதிர்ப்பக்கம் சாயும். அடிக்கடி நடக்கும் தப்பு.

கேள்வி: எண் கணிதப்படி ராசியான பெயரா?

என் துறை அல்ல.

கேள்வி: அப்படியானால் ஜெனிஃபரும் இதே பெயர்தானே?

இல்லை. அது குவினவீரின் கார்ன்வால் வடிவம். வெள்ளையை அங்கே தேடுங்கள்.